உங்க சாமி சாட்சி

பிரகாசம் சைகோனுக்குக் கப்பலேறியது முப்பத்து மூன்றாம் வருஷம், அர்ச்சியசிஷ்ட சூசையப்பர் திருநாளுக்கு மறுநாள் திங்கட்கிழமை. புலால் விலக்குகிற தவசு காலம் நடந்துகொண்டிருந்ததால் கறி சமைத்து அனுப்ப முடியாமல் போயிற்று. அகஸ்டினா கத்தரிக்காய்க் குழம்பு வைத்துப் புருஷனுக்குச் சோறு போட்டாள். அதைப் பிறகு பெரிய குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று நான் ஊரில் இல்லை. ஒரு பிரெஞ்சு டாக்டர் குடும்பத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய், அவர்களோடு அனோய், சைகோன், மார்செய் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்தத் திங்கட்கிழமையை நானே கடலுக்குள் நீளும் கப்பல் பாலத்தின் மேல் நின்று பார்த்ததுபோல் என்னால் சொல்ல முடியும். பக்கத்து வீட்டு அகஸ்டினா அக்கா அதை எனக்கு அத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்.

கப்பல் தூரத்தில் நின்றது. பாலத்துப் படியில் இறங்கி, சலங்கு என்கிற படகில் ஏறித்தான் கப்பலுக்குப் போகவேண்டும். பிரகாசம் பாலத்தடியில் இருந்த சுங்கக் கிடங்கில் காவல் சேவகன். எங்கள் ஊர்க்காரர்கள் சுங்கத்தைத் துவான் என்பார்கள். துவான் பிரகாசம் என்றால் படகோட்டிகள் எல்லோருக்கும் தெரியும். அதே வேலை சைகோனில் கூடுதல் சம்பளத்துக்குக் கிடைத்துப் போகிறார். ஆளாளுக்குக் கை கொடுத்துவிட்டு, கடைசியாகப் பெண்சாதியிடம் சொல்லிக்கொண்டு இறங்கினார். சலங்கைத் தள்ளிவிட்டார்கள். அலை தூக்கியபோது திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினார். அகஸ்டினாவும் உயர்த்தினாள்.

"எனக்கில்லடி அந்தக் கை. என் தலைக்கு மேல போச்சு" என்பாள்.

திரும்பிப் பார்த்தாள். மூட்டை அடுக்குகளின் பக்கத்தில், காலிக் கூடையைக் காலடியில் போட்டுக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்தபடி ஒரு மீன்காரி அழுதுகொண்டிருந்தாள். சின்ன வயசு. தாலி இல்லாத கழுத்து.

அகஸ்டினாவுக்குப் பொறாமை அன்று புதிதாக வந்துவிடவில்லை. பதினாறு வயதில் கலியாணமாகி வந்த நாளிலிருந்தே அது அவள் கூடவே இருந்தது. பிரகாசம் கோயில் பாட்டுக்கூட்டத்தில் சேர்ந்தபோது, பாடுகிற பெண்கள் வரிசைக்கு எதிரில் தூண் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சம்மதித்தாள். துவானில் அவரைச் சுற்றி வந்த ஒரு நாய் பெட்டை என்று தெரிந்ததும் அதற்குச் சோறு போடக்கூடாது என்றாள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்கு வேண்டியிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை இல்லை. வில்லியனூர் மாதாவுக்கு வருஷா வருஷம் மெழுகுதிரி கொண்டுபோனாள். ஒரு வருஷம் போகாமல் நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்கு அவர், அவருக்கு அவள். வேறு யாருக்கும் இடமில்லை.

கன்னியாஸ்திரீகள் நடத்தும் தையல் கூடத்தில் அவளுக்குக் காஜா எடுக்கிற வேலை. வெள்ளைச் சட்டைகள், பாதிரிமார் அங்கிகள், சேவகர் சீருடைகள் எல்லாவற்றுக்கும் பொத்தான் துளையைச் சுற்றி நூல் கட்டித் தருவாள். கை ஓடும்போது வாயும் ஓடும். கப்பல் போன மறுநாள் கை ஓடிற்று, வாய் ஓடவில்லை. கூடத்தில் இருந்தவர்களுக்கு அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

முதல் கடிதத்திலேயே கேட்டு எழுதினாள்: யார் அந்தப் பெண்? எதற்கு அழுதாள்? பதில் வந்தது. தப்பாக ஒன்றும் இல்லை, என் சொல்லை நம்பு, அதைப்பற்றிக் கேட்காதே.

கேட்காதே என்ற அந்தச் சொல்லில்தான் அவள் தூக்கம் போயிற்று.

அதற்கப்புறம் அவர் எழுதிய கடிதங்களிலெல்லாம் அவளை வரச்சொல்லியே கேட்டிருந்தார். குடும்பத்தோடு இருக்க வீடு தருகிறார்கள், கிணறும் முருங்கை மரமும் இருக்கின்றன, புறப்பட்டு வா. அவளும் ஒரே பதிலைத்தான் அனுப்பினாள். முதலில் சொல்லுங்கள், பிறகு வருகிறேன்.

சொல்லுகிற வழியாக இல்லை என்றதும் அவள் மீன்காரியைத் தேடிப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். விசாரிக்க அதிக நேரம் ஆகவில்லை. பேர் ரஞ்சிதம், ஊர் பிள்ளைச்சாவடி. புருஷன் இருசப்பன் முப்பத்தொன்றாம் வருஷத்து வாடைக் காற்றில் கட்டுமரத்தோடு போனவன், திரும்பவில்லை. விதவை என்று கேட்டதும் மற்றவர்களுக்கு இரக்கம் வரும். அகஸ்டினாவுக்குப் பயம் வந்தது.

"இன்னாம்மா வோணும்? வஞ்சரமா, சங்கராவா?" என்று ரஞ்சிதம் நிமிராமலே கேட்டாள்.

"எம் புருசன் வேணும்."

பக்கத்துக் கூடைக்காரி பூவாயி முந்திக்கொண்டாள். "அது இன்னிக்கு வரத்து இல்லம்மா. சைகோனுக்கு ஏத்திட்டாங்களே."

அந்த வரிசையே சிரித்தது. பாதிப் பேர் பிள்ளைச்சாவடிக்காரிகள். ரஞ்சிதம் மட்டும் சிரிக்கவில்லை. அகஸ்டினாவை அப்போதுதான் ஏறிட்டுப் பார்த்தாள்.

"தப்பு ஒண்ணும் நடக்கலக்கா."

"யாருடி உனக்கு அக்கா? எதுக்கு அழுத, அத்தச் சொல்லு."

"அழுக வந்துச்சு, அழுதேன்."

"ஊர்ல எத்தினியோ பேரு கப்பலேறுறான். எல்லாருக்குமா அழுவுற?"

ரஞ்சிதம் இரண்டு பக்கமும் பார்த்தாள். தன் ஊர்க்காரிகள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, "உங்க சாமி சாட்சி. நம்பிக்கையில்லன்னா போயிக் கேளுங்க" என்றாள்.

தாழ்த்தின குரலும் பூவாயிக்கு எட்டிவிட்டது. "அவங்க சாமி எங்கடி பேசும்? நம்ம சாமின்னா பூசாரி மேல வந்து நாலு வார்த்த சொல்லும். அது பாட்டுக்கு சும்மா நிக்குது."

"மீன் கையோட எங்க சாமிய இழுக்காதீங்கடி!" என்று அகஸ்டினா கத்தினாள். அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள். செருப்பை அங்கேயே விட்டுவிட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மறு வருஷத்துத் தவசு காலத்தில் ஒரு சனிக்கிழமைப் பூசை. அன்றைக்கு உள்ள சுவிசேஷத்தை லத்தீனில் வாசித்துவிட்டுச் சாமியார் தமிழில் விளக்கினார். சேசுநாதர் தம்மை உலகத்தின் ஒளி என்கிறார். அவரை எதிர்த்த பரிசேயர் உடனே எழுந்து, உன்னைப்பற்றி நீயே சாட்சி சொல்லிக்கொண்டால் அது செல்லாது என்கிறார்கள். அவரோ, நான் எங்கிருந்து வந்தேன், எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியும், ஆகவே என் சாட்சி மெய்தான் என்கிறார். இரண்டு பேர் சொன்னால் செல்லும் என்று உங்கள் சட்டத்தில் இருக்கிறதே, நான் ஒருவர், என்னை அனுப்பின பிதா இன்னொருவர் என்றும் சொல்கிறார்.

கோயில் முழுக்க ஜனங்கள் பரிசேயரை நினைத்துத் தலையை ஆட்டினார்கள். அகஸ்டினா பரிசேயர் பக்கம் சேர்ந்துவிட்டாள்.

தையல் கூடத்தில் அன்று அவளுக்கு வாய் திறந்தது. "பரிசேயர் கேட்டதுல இன்னா தப்பு? தன்னப்பத்தித் தானே சொல்லிக்கிட்டா யாரு நம்புவா? சேசுநாதர்கிட்டயே கேட்டிருக்காங்க. நான் எம் புருசன்கிட்ட கேக்கக் கூடாதா?"

எதிரே உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்த புஷ்பமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். "அடிப்பாவி, அவங்கதாண்டி அவர ஆணியடிச்சாங்க."

"அடிச்சது தப்பு. கேட்டது தப்பில்ல."

"நீயும் கேக்குறதோட நிறுத்துவியான்னுதான் எனக்கு பயமா இருக்குது."

கேட்பதோடு அவள் நிறுத்தவில்லை. சாமியார் வீட்டுக்கே போனாள். அவர் பிரெஞ்சுக்காரர். திண்டிவனத்துப் பக்கம் பல வருஷம் இருந்து தமிழ் கற்றவர், இலக்கணமாகப் பேசுவார். அவள் கேள்வியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாராம். பிரசங்கத்தைக் கவனித்துக் கேட்கிற ஒரு ஆத்துமமாவது இருக்கிறதே என்று நினைத்திருப்பார். உட்காரச் சொல்லி விளக்கினார். ஒருவன் தான் எங்கிருந்து வந்தான், எங்கே போகிறான் என்று உண்மையாக அறிந்திருந்தால் அவனுடைய சொல்லுக்கு வேறு ஆதாரம் தேவைப்படாது. மற்ற மனிதருக்கு அந்த அறிவு இல்லை. ஆகவேதான் நமக்குச் சாட்சி வேண்டியிருக்கிறது.

"எம் புருசன் எங்கேருந்து வந்தாருன்னு எனக்குத் தெரியும் சாமி, முத்தியால்பேட்டை. எங்க போனாருன்னும் தெரியும், சைகோனு. நடுவுல எங்க போனாருன்னுதான் கேக்குறேன்."

சாமியார் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

"அவருக்குப் பிதா சாட்சி சொன்னாரு. எம் மாமனாரு செத்துப்போயிட்டாரு. எம் புருசனுக்கு யாரு சாமி சாட்சி? அந்தப் பிள்ளைச்சாவடி மீன்காரியக் கேட்டா, உங்க சாமி சாட்சிங்கறா. எம்மாம் திமிரு பாருங்க."

சாமியாரின் முகம் காதுவரைக்கும் சிவந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போய், வெளியே யாரையோ தேடுகிறவர்போல் நின்றார். "அகஸ்டினா, உன் புருஷனை நம்பு. போய்வா" என்றார். அவ்வளவுதான்.

அவள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுடைய கணக்கு சுலபமானது. பிரகாசம் பாவசங்கீர்த்தனத்தில் தன் பாவத்தைச் சொல்லியிருக்கிறார், சாமியாருக்குத் தெரியும், வெளியே சொல்ல முடியாது, அதனால்தான் முகம் சிவந்தது. அதுவரை சந்தேகமாக இருந்தது அன்றோடு நிச்சயமாயிற்று. சைகோனுக்கு எழுதுவதை நிறுத்தினாள்.

முப்பத்தைந்தாம் வருஷம் நான் திரும்பி வந்தேன். அந்த வருஷத் தொடக்கத்தில் சைகோனை விட்டுப் போன டாக்டர் குடும்பம் பிரான்சிலேயே தங்கிவிட்டது, எனக்கு அங்கே வேலை இல்லை. வந்து இறங்கினதிலிருந்து எனக்கு வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை. தினம் சாயங்காலம் பாலத்துக்குப் போய் எந்தக் கப்பல் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன். அகஸ்டினா என்னை இரண்டாம் நாளே கூப்பிட்டனுப்பினாள். மடியில் ஒரு சட்டை, கையில் ஊசி.

"வாடி. சைகோன்ல அவரப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. ஞாயித்துக்கெழம பூசைல பாத்தேன். வூட்டுக்கும் போனேன்."

"எப்பிடி இருக்காரு?"

"எளச்சிட்டாரு. தானேதான் சமைக்கிறாரு. ஒண்டியாத்தான் இருக்காரு. உங்க கலியாணப் படம் செவுத்துல மாட்டியிருக்குது."

"உள்ள போனியா?"

"வாசல்ல நின்னேன்."

"அப்ப அடுக்களையப் பாக்கல."

"பாக்கல."

"பின்ன இன்னா சாட்சி நீ? அதுவும் நீ ஒருத்தி. வேதத்துல ரெண்டு பேருன்னு இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது கோபத்தைவிட வேறொன்றும் வந்தது. நான் கடல் கடந்து போய்ப் பல ஊர்களில் இருந்திருக்கிறேன். எந்த ஊரிலும் யாரும் என் அடுக்களையில் யார் இருக்கிறார்கள் என்று கவலைப்பட்டதில்லை. என்னை நினைத்து ஒருவருக்குத் தூக்கம் கெட்டதில்லை. அவளுடைய பொறாமையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன்.

அவர் இன்னொரு செய்தியும் சொல்லி அனுப்பியிருந்தார். அதைச் சொன்னேன். வருஷக் கடைசிக்குள் அவள் வராவிட்டால் வீட்டை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். தனி ஆளை லாவோஸ் எல்லைக் காவலுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போனால் எப்போது இறங்கி வருவார் என்று சொல்ல முடியாது. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் பின் வருகிற கப்பல்தான் அவளுக்குக் கடைசி.

"போயி இன்னாத்த பண்றது? அவரப் பாக்கும்போதெல்லாம் அவ மூஞ்சி தெரியுமே" என்றாள். பிறகு முழுக் கதையையும் சொன்னாள். பாலம், மார்க்கெட், பிரசங்கம், சாமியார் வீடு என்று ஒன்று விடாமல்.

நான் பல வருஷம் பிரெஞ்சு பேசுகிற வீட்டில் இருந்தவள். அந்தப் பாஷையில் கடவுளுக்கு ஒரு சொல், பாதிரியாருக்கு வேறு சொல். ஒன்றை இன்னொன்றாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஊரை விட்டுப் போகாமலே இருந்திருந்தால் எனக்கும் அது காதில் விழுந்திருக்காது.

"அக்கா, அவ சொன்னது எந்த சாமி?"

"எந்த சாமின்னா? நம்ம சாமி. சிலுவையில இருக்கிறவரு."

"போயிக் கேளுங்கன்னாளே."

"கிண்டலுக்குச் சொன்னா."

"கோயில்ல பூச வெக்கிறவர நீங்க எப்பிடிக் கூப்புடுவீங்க?"

"சாமின்னு…"

ஊசி துணியில் பாதி ஏறின இடத்தில் நின்றது. அவள் உதடு மட்டும் ஒரு தடவை அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தது.

"அதான் மொகம் செவந்துச்சா!" என்றாள்.

அந்த நிமிஷமே புறப்பட்டோம். சாமியார் மதியச் சாப்பாட்டில் இருந்தார். அகஸ்டினா காத்திருக்கவில்லை.

"சாமி, அன்னிக்கு எதுக்கு உங்க மொகம் செவந்துச்சு?"

"வெயில்" என்றார் சாமியார்.

"ஜன்னலண்ட போறதுக்கு முன்னாடியே செவந்துச்சு. ரஞ்சிதம்ங்கறவ சொன்ன சாட்சி நீங்கதானா?"

அவர் கைத்துண்டை மடித்து வைத்தார். நீண்ட நேரம் மடித்தார். "ஆம். நான் அங்கே இருந்தேன். கண்ணால் கண்டேன். பாவம் ஒன்றும் நடக்கவில்லை. நன்மைதான் நடந்தது."

"இன்னா நன்மை?"

"அதைச் சொல்ல எனக்கு உத்தரவு இல்லை."

"யாரு உத்தரவு குடுக்கணும்? உங்களுக்கு மேல இருக்கற மேற்றிராணியாரா?"

"இல்லை. ரஞ்சிதம்."

"மீன்காரி உத்தரவா!"

"நான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உன் புருஷனும் கொடுத்திருக்கிறார். சாட்சி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் உனக்குப் போதாதா, அகஸ்டினா? பிதா சாட்சி சொல்லுகிறார் என்று கர்த்தர் சொன்னபோது அந்த ஜனங்கள் அவருடைய குரலைக் கேட்கவில்லையே."

"கேட்டிருந்தா நம்பியிருப்பாங்க சாமி" என்றாள் அகஸ்டினா. "நீங்க பாதி சொல்றீங்க. பாதி சாட்சிய வெச்சிக்கிட்டு நான் எப்பிடி முழுசா நம்புறது?"

வெளியே வந்து ஜட்கா பிடித்தோம். பிள்ளைச்சாவடியில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ரஞ்சிதம் மணலில் பாய் விரித்து நெத்திலி பரப்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, குடிசை வாசலில் இருந்த மாமியார் ராஜாம்பாள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீர் ஓரமாக நடந்தாள். நாங்களும் பின்னால் போனோம்.

"சாமியக் கேட்டேன்" என்றாள் அகஸ்டினா.

"சொன்னாரா?"

"நீ உத்தரவு குடுக்கணுமாம்."

ரஞ்சிதத்தின் கண் நிறைந்தது. இருசப்பன் போன பிறகு தினம் பாலத்துக் கடைசியில் போய் நிற்பாளாம். ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இன்னும் ஓர் அடி முன்னால் வைக்கப் பார்த்தபோது, காவலுக்கு நின்ற பிரகாசம் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அதற்கப்புறம் அவளைத் தனியாக விடவில்லை. சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனார். மாதா சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு நெஞ்சு ஆறியது. மாதக்கணக்கில் மந்திரம் படித்து ஞானஸ்நானம் கேட்டாள். வீட்டில் தெரிந்தால் துரத்திவிடுவார்கள், யாருக்கும் சொல்லக்கூடாது என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"ஞானஸ்நானத்துல அவருதான் எனக்கு ஞானத்தகப்பனா நின்னாரு. நான் என்னப் பெத்த அப்பன் மூஞ்சியப் பாத்தவ இல்லம்மா. கெடச்ச அப்பனும் கப்பலேறிட்டாரு. அதான் அழுதேன்."

நான் அகஸ்டினாவைப் பார்த்தேன். இத்தனை வருஷத்துப் பாரம் இறங்கி அவள் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கல்லாக நின்றாள்.

"ஞானத்தகப்பன்தான பேரு வெப்பாரு? இன்னா பேரு வெச்சாரு?"

ரஞ்சிதம் தலையைக் குனிந்துகொண்டாள். "அகஸ்டினா."

"எம் பேரா?"

"எனக்குத் தெரிஞ்சதுல நல்ல பேரு இது ஒண்ணுதான்னு சொன்னாரும்மா."

அகஸ்டினா திரும்பி வண்டியைப் பார்த்து நடந்தாள். மணலில் கால் புதையப் புதைய வேகமாக நடந்தாள். வண்டி புறப்பட்டு ஊர் எல்லை தாண்டியதும் வெடித்தாள்.

"வேற பொம்பளயா இருந்திருந்தா ரெண்டு அறை அறைஞ்சிட்டு மன்னிச்சிருப்பேன்! புள்ளையாடி? எனக்குத் தெரியாம ஒரு புள்ளையா? எத்தினி வருசம் மாதா கோயிலுக்கு நடந்தேன். ரெண்டு பேரும்தான நடந்தோம்? அவருக்கு மட்டும் குடுத்துட்டா. அவரும் வாங்கிக்கிட்டு, எம் பேரையும் எடுத்து வெச்சிட்டு, கமுக்கமா கப்பலேறிட்டாரு. நான் கத்தரிக்கா கொழம்பு வெச்சிப் போட்டேன்!"

"வாக்குக் குடுத்திருந்தாருக்கா."

"எனக்கும்தான் கோயில்ல வாக்குக் குடுத்தாரு."

"நீங்க கேட்ட ரெண்டு சாட்சியும் கெடச்சாச்சே. சாமியாரு ஒருத்தரு, அவ ஒருத்தி. கப்பலுக்கு இன்னும் நாள் இருக்குது" என்றேன்.

"கெடச்சுது. இப்ப எனக்கு அது வேணாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரு வாயால வரணும். அடுத்தவங்க சொன்னா அது அவரப்பத்தின சேதி. அவரு சொன்னாத்தான் எனக்குச் சொன்னது."

அன்று சாயங்காலம் அவள் சொல்ல நான் எழுதினேன். கொட்டைப்பாக்கு அளவுக்குக் கடிதம். சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லுங்கள், அது வந்தால் அடுத்த கப்பலில் ஏறுகிறேன்.

"எல்லாம் தெரியும்னு ஒரு வரி சேக்கட்டுமா?"

"கூடாது. தெரியும்னு எழுதினா ஆமாம்பாரு. ஆமாம் எனக்கு வேணாம். அப்புறம் ஒண்ணு. 'எனக்கு ஒரு மக இருக்குது'ன்னு எழுதினாருன்னா அவரு லாவோசுலயே இருக்கட்டும். நான் இங்கயே காஜா எடுத்துக்கிட்டுக் கெடப்பேன்."

"பின்ன எப்பிடி எழுதணும்?"

"அது அவருக்குத் தெரியணும்" என்றாள்.

கல்லறைத் திருநாளுக்குப் பின் கப்பல் வந்தது, போயிற்று. அவள் பாலத்துக்கு வரவில்லை. நான் போய் அது சிறிதாகும் வரைக்கும் நின்றிருந்தேன். பிரகாசத்தை லாவோஸ் எல்லைக்கு அனுப்பிவிட்டதாகச் சைகோனிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். கடிதம் அவரைப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. சேர்ந்திருந்தாலும் அவருக்கு வாக்கு இருந்தது.

அந்த வாக்கை ரஞ்சிதமே அவிழ்த்துவிட்டாள். முப்பத்தேழாம் வருஷத்துப் பாஸ்குத் திருநாளான ஈஸ்டருக்கு முன்பு மாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். சண்டை நடந்தது. கூடையோடு ஊருக்குள் வந்து கன்னியாஸ்திரீகள் மடத்து அடுக்களையில் வேலைக்குச் சேர்ந்தாள். சாமியார் அன்றே லாவோசுக்கு எழுதினார்: உமக்கு விடுதலை, இனி பேசலாம்.

அகஸ்டினா அவளோடு பேசவில்லை. ஆனால் திருநாளுக்கு முந்தின நாள் என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். வெள்ளை முக்காடு, ஓரமெல்லாம் பூவேலை.

"கொண்டுபோயிக் குடு. நான் குடுத்தேன்னு சொல்லாதே. எம் பேரை வெச்சிக்கிட்டுக் கந்தலோட பூசைக்கு வரக்கூடாது."

பூசை முடிந்து வாசலில் யாரோ "அகஸ்டினா!" என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் திரும்பினார்கள். பெரியவள் சின்னவளை மேலும் கீழும் பார்த்து, "முக்காட்ட ஒழுங்கா இழுத்துப் போடு" என்றாள். பிள்ளைச்சாவடிக்குப் பிறகு அவளிடம் அகஸ்டினா பேசிய முதல் வார்த்தை அது. அதற்கப்புறம் தினம் ஒரு குறை கண்டுபிடித்தாள். நடை சரியில்லை, செபம் சொல்லும்போது வேகம் அதிகம், குழம்பில் புளி அதிகம். சின்னவள் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்பாள். புஷ்பமேரி ஒருநாள் சின்னவளைப் புகழ்ந்து பேசப்போக, அகஸ்டினாவின் முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு அவள் மகள், தனக்கு யார் என்று அவளுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.

வருஷம் திரும்பிற்று, லாவோசிலிருந்து பதில் வரவில்லை. எல்லைக் காவலில் காய்ச்சல் பரவியதாகப் பேச்சு. அகஸ்டினா கேட்டுக்கொண்டே காஜா எடுப்பாள். நான் மதராஸில் ஒரு வேலைக்கு எழுதிப்போட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில் தபால் சேவகன் லாவோசிலிருந்து ஒரு தந்தி கொண்டுவந்தான். தமிழ்ச் சொற்களைப் பிரெஞ்சு எழுத்தில் அடித்திருந்தார்கள். சில சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அகஸ்டினா என்னைக் கூப்பிட்டாள். தையலை மடியிலிருந்து எடுக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, "படி" என்றாள். மடத்திலிருந்து ஓடிவந்த சின்னவள் நிலைப்படியில் நின்றாள்.

நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"நமக்கு ஒரு மகள் உண்டு. உன் பேர் வைத்தேன். உன்னிடம் சொல்லாதது என் பாவமே. பிரகாசம்."